36 பேர், 9 நீளக் குடைகள்: ரோமில் ஒரு மழைநாளின் நிகழ்வு ஆய்வு

டூர் மேனேஜர்கள் மழைநாளைப் பற்றிப் பேசினால் குற்றவாளி எப்போதும் வானம்தான். "என்ன பண்றது, மழை கெடுத்துடுச்சு" என்று எழுதிவிட்டால் கம்பெனி மேற்கொண்டு கேட்காது, பயணிகளும் பாதி மன்னித்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நவம்பரில் ரோமில் நடந்த ஒரு நாளை மட்டும் அப்படி முடித்துவைக்க மனசு வரவில்லை. மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் மழை தின்ற நேரம் கொஞ்சம்தான். மிச்சத்தைத் தின்றது நான் முந்தின இரவிலும், காலை 11.20-க்கும், மாலை 4.15-க்கும் எடுத்த முடிவுகள்.

குழுவில் 36 பேர். அதில் 22 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் தொழிலில் பெயரைவிட சீட் நம்பர்தான் நாக்கில் முதலில் வரும். ஆகவே இங்கேயும் சீட் நம்பரையே வைத்துக்கொள்கிறேன்.

போட்டிருந்த திட்டம்

காலை 7.30-க்கு ஹோட்டலிலிருந்து புறப்பாடு. 8.30-க்கு வாத்திகன் அருங்காட்சியகம், கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயம், அங்கிருந்து புனித பேதுரு பேராலயம். 12.15-க்கு வெளியே வந்து, கொலோசியம் எனும் பண்டைய அரங்கத்தின் பக்கம் போய் மதியச் சாப்பாடு. 2.30-க்கு கொலோசியம் ஸ்லாட், அதாவது முன்பதிவு செய்த நுழைவு நேரம், அதைத் தொடர்ந்து ரோமன் ஃபோரம் எனும் பண்டைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகள். 5 மணிக்கு திரேவி நீரூற்று, 5.45-க்கு பாந்தியன் எனும் பழங்காலக் கோயில். 6.45-க்குப் பேருந்து ஏறி, இரவுச் சாப்பாடு ஹோட்டலில்.

வெயில் காலத்தில் இதே வரிசையை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். இடிக்காது. ஆனால் இது மே மாதத்துக்கான திட்டம், தேதியை மட்டும் நவம்பருக்கு மாற்றியிருந்தோம். ரோமில் அதிகம் மழை பெய்யும் மாதம் நவம்பர். சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். கொலோசியம் குளிர்கால நேரப்படி 4.30-க்கு மூடும், கடைசி நுழைவு 3.30. கோடையில் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனாலும் சமாளித்துவிடலாம். நவம்பரில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரே ஒரு மணி நேரம்.

இன்னொரு கட்டுப்பாட்டைப் பயணிகள் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்: ஓட்டுநரின் நேரம். ஐரோப்பிய விதிப்படி அவர் வேலை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு எடுத்தாக வேண்டும். அதை 9 மணியாகக் குறைக்கும் சலுகை, ஒரு வாராந்தர ஓய்வுக்கும் அடுத்த வாராந்தர ஓய்வுக்கும் நடுவே மூன்று தடவைதான். எங்கள் ஓட்டுநர் அந்த மூன்றையும் முந்தைய ஊர்களிலேயே தீர்த்திருந்தார். அன்று காலை 6.50-க்கு வண்டியைத் தொட்டார் என்றால் இரவு 7.50-க்குள் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். கெஞ்சிப் பலனில்லை, வண்டியில் இருக்கும் டேகோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிந்துவைக்கும்.

முந்தின இரவு

இத்தாலியின் குடிமைப் பாதுகாப்புத் துறை வானிலை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணமாகச் சொல்லும். மறுநாளைக்கு ஆரஞ்சு என்பதை முந்தின நாள் மாலையே போனில் பார்த்துவிட்டேன். "சிவப்பு இல்லையே" என்று மனசு உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. அதற்குமேல் நான் செய்தவை இரண்டே காரியங்கள். கம்பெனி கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் ரெயின்கோட்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இரவல் குடை கிடைக்கும் என்று குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன்.

அந்த ஒரு வரிதான் மறுநாளின் ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டுபோனது. ஹோட்டல் இரவல் கொடுத்தவை கைப்பிடி வளைந்த நீளக் குடைகள். ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

7.30-க்குப் புறப்பட வேண்டிய வண்டி 7.48-க்குத்தான் நகர்ந்தது. யாரும் தாமதமாக வரவில்லை, எல்லோரும் 7.20-க்கே வாசலில் நின்றார்கள். ஒருவர் படியில் கால் வைப்பார், திரும்பி நின்று குடையையோ ரெயின்கோட்டையோ மடக்குவார், இரண்டு தடவை வெளியே உதறுவார், கைப்பையைத் தோள் மாற்றுவார், பிறகுதான் ஏறுவார். பின்னால் நிற்பவர் அந்த உதறலில் நனைந்து ஒரு முனகல். ஆளுக்கு 12 விநாடி என்று வைத்தாலும் 36 பேருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல். காய்ந்த நாளில் மூன்றே நிமிடம். அன்றைய திட்டத்தில் ஏற்றமும் இறக்கமுமாக எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் கூடுதல் என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் வாசற்படியிலேயே போய்விட்டது.

அந்தப் பேருந்துக்கு நடுவிலும் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்திருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும். நான் திறக்கச் சொல்வதில்லை, ஏனென்றால் முன்வாசலில் நின்று தலை எண்ணுவது என் பழக்கம். என் எண்ணிக்கை வசதிக்காக 36 பேர் மழையில் வரிசை கட்டி நின்றார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அது உறைத்ததேயில்லை.

வழியில் உருப்படியாக ஒன்று

நகரத்துக்குள் நுழைய முக்கால் மணி நேரமாயிற்று. ரோமில் மழை வந்தால் வண்டிகள் நகராது, ஊர்ந்துதான் போகும். அந்த நேரத்தில் மைக்கை எடுத்து சிஸ்டைன் சிற்றாலயத்தை விளக்கிவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

சிற்றாலயத்துக்குள் கைடு பேசக் கூடாது. அதனால் வழக்கமாகக் குழுக்களை அருங்காட்சியகத்தின் திறந்த முற்றங்களில் நிறுத்தி, அங்கே வைத்திருக்கும் விளக்கப் பலகைகளைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப்போவார்கள். வெயிலில் அது இருபது நிமிட வேலை. மழையில் பலகையைச் சுற்றிக் குடைகள் மட்டும்தான் தெரியும். ஹூடுக்குள் கைடின் குரலைக் கேட்கும் காதுக்கருவி இருந்தாலும் பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தத்தில் பாதிச் சொற்கள் அமுங்கிப்போகும்.

பேருந்தில் அந்தத் தொல்லை இல்லை. மைக்கேலாஞ்சலோ கூரையை வரைந்தது 1508 முதல் 1512 வரை, மல்லாந்து படுத்துக்கொண்டு அல்ல, சாரத்தின்மேல் நின்று அண்ணாந்து பார்த்தபடி. நடுவில் ஆதியாகமத்தின் ஒன்பது காட்சிகள். அவற்றில் முதலில் கைவைத்தவற்றுள் ஒன்று நோவாவின் வெள்ளப்பெருக்கு. பூச்சில் ஈரம் அதிகமாகி அந்தப் படத்தில் பூஞ்சை பிடிக்க, அவர் வெறுத்துப்போய் வேலையை விட்டுவிடப் பார்த்தார் என்று அவர் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே வெள்ளத்தின் கதை. 22-ஆம் சீட்டில் இருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு சிற்றாலயத்துக்குள் நின்றபோது, கைடு வாய் திறக்காமலே, ஒவ்வொருவரும் தாங்களாகவே விரல் நீட்டி நோவாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காவலர் இரண்டு தடவை "உஷ்" என்றார். பரவாயில்லை.

11.20: ஒன்பது டோக்கன்கள்

ஸ்லாட் 8.30. கைடு முன்கூட்டியே போன் செய்து பேசிவைத்திருந்ததால் 8.55-க்கு உள்ளே போனோம். மடக்கிப் பைக்குள் வைக்கக்கூடிய குடைக்கு அங்கே தடையில்லை. நீளக் குடையைப் பொருள் காப்பறையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். ஒன்பது பேரும் அப்படியே செய்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கடைசியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அருங்காட்சியகத்தின் வாசலுக்கே திரும்பிப் போகும். மற்றொன்று, வலப்பக்கக் கதவு, கைடுடன் வரும் குழுக்களுக்கானது. அதில் இறங்கினால் நேராக பேராலயத்தின் பக்கம் வந்துவிடலாம், வெளிச்சதுக்கத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசை கிடையாது. எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அன்று திறந்திருந்தது. என் திட்டமே அந்தக் கதவை நம்பிப் போட்டதுதான். ஆனால் காப்பறை இருப்பதோ நுழைவாயிலில். வலப்பக்கக் கதவில் போனால் குடைகள் பின்னாலேயே தங்கிவிடும்.

மணி 11.20. கூட்டம் இடித்துக்கொண்டிருக்கிறது, பேசக் கூடாத இடம் வேறு. கைடு கண்ணாலேயே "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். குழுவைப் பிரிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நுழைந்த நாளிலிருந்து தலையில் ஏற்றப்பட்ட பாடம். "எல்லாரும் வாசலுக்கே போவோம்" என்று கை காட்டினேன்.

நெரிசலில் வாசலுக்கு வந்து, குடைகளை மீட்டு வெளியேறும்போது 11.50. அங்கிருந்து வாத்திகன் மதிலை ஒட்டி சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. சாதாரணமாகப் பதினைந்து நிமிடம், மழையில் பெரியவர்களோடு இருபத்தைந்து. சதுக்கத்தில் சோதனை வரிசை கட்டடக் கலைஞர் பெர்னினியின் தூண்மண்டபத்தைத் தாண்டி வளைந்து கிடந்தது. நான்கு வரிசையாக நிற்கும் அந்த 284 தூண்களுக்கு நடுவே உள்ள கூரையிட்ட பாதை ரோமின் மிகப் பெரிய குடை என்று சொல்லலாம். ஆனால் வரிசையின் வால் அதற்குள் வரவேண்டுமே? எங்கள் முறைக்கு முதல் அரைமணி நேரம் திறந்த வெளியில்தான். பேராலயத்துக்குள் கால் வைத்தது 1.05-க்கு. வலப்பக்கக் கதவில் போயிருந்தால் 11.30.

ஆக 95 நிமிடம். பேராலயத்தில் நிற்க மிஞ்சியது 25 நிமிடம், அதிலும் பாதி கழிவறை வரிசையில் போனது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வயசானவர்களுக்கு அந்தத் தேவை இரட்டிக்கும். வறண்ட நாளின் கணக்கை அங்கே போட முடியாது.

இரவு ஹோட்டலில் 31-ஆம் சீட் பையன், கல்லூரி மாணவன், மெதுவாகக் கேட்டான்: "சார், ஒன்பது டோக்கனையும் நீங்க வாங்கிக்கிட்டு, நீங்க மட்டும் போய் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல? நாங்க கைடோட அந்தக் கதவுல போயிருப்போமே." நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பேராலயத்துக்குள் யாருக்குக் குடை வேண்டும்? ஒரு ஆள் ஒன்பது குடையைக் கட்டித் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி வந்து, சதுக்கத்தில் வெளியேறும் வழியில் காத்திருந்தால் போதும். குழுவைப் பிரிக்கக் கூடாது என்ற விதி, கைடும் மேனேஜரும் கூடவே இருக்கும்போது மேனேஜருக்குப் பொருந்தாது. விதியைக் கற்றுக்கொண்டேன், அது எதற்காக வைத்த விதி என்று நினைத்துப் பார்க்கவில்லை.

மதியம்

சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரைமணி. கொலோசியம் வாசலில் நிற்கும்போது 3.05, ஸ்லாட் முடிந்து 35 நிமிடம். கைடு உள்ளே போய் நயமாகப் பேசி 3.15-க்கு அனுமதி வாங்கினார். இன்னும் கால்மணி போயிருந்தால் கடைசி நுழைவும் முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடமும் நான் மனசுக்குள் போட்ட கணக்குகளை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

கொலோசியம் மழைக்கு மோசமான இடமில்லை. பலரும் திறந்தவெளி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் சுற்றுப்பாதைகள் எல்லாம் வளைகூரை உள்ளவை, இரண்டாம் தளத்திலும் ஒதுங்க இடம் உண்டு. கி.பி. 80-இல் திறந்தபோது வெயிலுக்கு மேலே பாய்த்துணிப் பந்தல் இழுத்துவிடக் கப்பற்படை ஆட்களை வைத்திருந்தார்கள் என்று கைடு சொன்னதும், "இப்ப அவங்க எங்கே போனாங்க?" என்று 7-ஆம் சீட்டிலிருந்து ஒரு குரல். அன்று குழு மொத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

ஃபோரம் மூடியிருந்தது. காற்றும் மழையும் கடுமையானால் ஃபோரத்தையும் பாலத்தைன் குன்றையும் மூடுவது உண்டு, மரங்கள் நிறைந்த இடம். ஆரஞ்சு எச்சரிக்கையைப் பார்த்த இரவே அதற்கு மாற்று ஒன்றை நான் கையில் வைத்திருக்க வேண்டும். கொலோசியத்தோடு சேர்ந்த டிக்கெட் 24 மணி நேரம் செல்லும்தான், ஆனால் நாங்கள் மறுநாள் காலை ஃபிளாரன்ஸ் போகிறோமே.

4.15: கைடு சொன்னது, நான் மறுத்தது

கொலோசியத்தை விட்டு வெளியே வந்ததும் கைடு ஒரு யோசனை சொன்னார்: "பக்கத்துல சான் பியெத்ரோ இன் வின்கோலி இருக்கு. மேட்டுல ஏறணும், ஆனா பத்து நிமிஷம்தான். மத்தியானம் மூடுற கோயில், இப்ப திறந்திருக்கும். மைக்கேலாஞ்சலோவோட மோசே சிலை."

யோசனை நல்லது என்று அப்போதே தெரிந்தது. சிஸ்டைன் கூரையை வரையச் சொன்ன இரண்டாம் ஜூலியஸ் போப்பின் நினைவுச்சின்னம்தான் அந்த மோசே இருக்கும் இடம். காலையில் கூரை, மாலையில் அதை வரையச் சொன்னவரின் சின்னம். காய்ந்த தரை, உட்கார பெஞ்சு. அரைமணி இருந்துவிட்டு மழை தணிகிறதா பார்த்து நேராகப் பாந்தியனுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் கம்பெனியின் விளம்பரத் தாளில் மோசே இல்லை, திரேவி இருக்கிறது. ஃபோரம் ஏற்கெனவே கைநழுவிவிட்டது, இரண்டாவதையும் விட்டால் ஊர் திரும்பியதும் "பணம் திருப்பிக் கொடுங்க" என்று கடிதம் வரும். "வானிலையைப் பொறுத்து மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற வரி அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. அந்த வரி கம்பெனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பயணிகளுக்கு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலைமையாசிரியரும் பின்னாலிருந்து, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பார்த்துட்டே போயிடுவோம் தம்பி" என்றார். எனக்கு அந்த ஒரு குரல் போதுமாயிருந்தது. மற்ற 35 பேரை நான் கேட்கவில்லை.

திரேவிக்குப் பேருந்து போகாது. 2019 ஜனவரியிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் ரோமின் வரலாற்று மையத்துக்குள் வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும். இருட்டிவிட்டது, மழையும் விடவில்லை. அந்தத் தெருக்களில் பாவியிருப்பது சம்பியெத்ரீனி எனும் கறுப்பு எரிமலைக் கற்கள். சின்னச் சதுரங்கள், காலங்காலமாகக் காலும் சக்கரமும் பட்டு வழவழப்பானவை. நனைந்தால் விளக்கொளியில் அழகாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் ஆபத்து.

14-ஆம் சீட் அம்மா

5.10. திரேவிக்கு ஒரு திருப்பம் முன்னால். எனக்கு நான்கடி முன்னால் அவர் நடந்துகொண்டிருந்தார். நான் கொடுத்த ரெயின்கோட் எல்லோருக்கும் ஒரே அளவு. அவர் குள்ளம், கோட்டின் விளிம்பு தரையைத் தொட்டது. மிதித்துவிடாமல் இருக்க இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார். வலது கையில் ஹோட்டல் குடை. ஹூடு நெற்றிவரை இறங்கியிருந்ததால் இரண்டு பக்கமும் எதுவும் தெரியாது. கொஞ்சம் முன்புதான் என்னிடம், "பாதையைப் பாத்தா குடை போவுது, குடையைப் பாத்தா பாதை போவுது தம்பி" என்று சொல்லிச் சிரித்திருந்தார். நானும் சிரித்தேன்.

எதிரே வந்த கூட்டத்துக்கு வழிவிட நடைமேடையிலிருந்து ஒரு கால் கீழே வைத்தார். தேங்கிய தண்ணீருக்கு அடியில் கல் சரிந்திருந்தது. விழும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கைகூட மிச்சமில்லை. குடையை விட்டுவிட்டு வலது கையை ஊன்றினார், முழு எடையும் மணிக்கட்டில்.

இதைத்தான் பிறகு திரும்பத் திரும்ப நினைத்தேன். ரெயின்கோட் மட்டும் என்றால் ஒரு கையாவது சும்மா இருந்திருக்கும். குடை மட்டும் என்றால் பக்கம் பார்த்திருப்பார், விளிம்பு தடுக்கியிருக்காது. பாதுகாப்பு என்று நினைத்து இரண்டையும் கொடுத்து, இரண்டின் தீமையையும் ஒரே உடம்பில் ஏற்றிவிட்டேன்.

112-க்கு அழைத்தோம், 25 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அவருடன் அவர் தங்கையும் நானும் ஏறினோம். மிச்ச 34 பேரும் கைடின் பொறுப்பில். குழுவைப் பிரிக்கக் கூடாது என்று காலையில் ஒன்பது குடைக்காக அடம்பிடித்தவன், மாலையில் வேறு வழியின்றிப் பிரித்தேன்.

இத்தாலிய அவசரப் பிரிவுகளில் நோயாளியை வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. சிவப்பு, ஆரஞ்சு, வெளிர்நீலம், பச்சை, வெள்ளை என்று அவசரத்துக்கேற்பத் தரம் பிரிப்பார்கள். எங்களுக்குப் பச்சை. அப்படியென்றால் உயிருக்கு ஒன்றுமில்லை, காத்திரு என்று பொருள். அதைப் புரியவைக்கவே எனக்குச் சிரமமாக இருந்தது. "நாங்க வந்தப்புறம் வந்தவங்கள உள்ள விடுறாங்களே?" என்று தங்கை மூன்று தடவை கேட்டார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் மெல்லிய கீறல். கட்டுப் போட்டு, டாக்ஸியில் ஹோட்டல் திரும்பும்போது 11.20. பயணக் காப்பீடு இருந்தது. ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் யாரிடமும் இல்லாமல் போகாது. ஆனால் பாலிசித் தாள் அவர் பெட்டியில், பெட்டி ஹோட்டலில். என் போனில் 36 பேரின் பாஸ்போர்ட் நகலும் இருந்தது, பாலிசி நகல் ஒன்றுகூட இல்லை.

நான் பார்க்காத பாந்தியன்

திரேவியில் அந்த 34 பேரும் நின்றது பத்து நிமிடம். எதிரே குடை, பக்கத்தில் குடை, கம்பி நுனி கண் உயரத்தில். தண்ணீரைத் தண்ணீர் வழியாகப் பார்த்துவிட்டு வந்தோம் என்று ஒருவர் பின்னூட்டத் தாளில் எழுதியிருந்தார்.

அதே தாள்களில், "இன்று உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்ற கேள்விக்கு 34-இல் 26 பேர் பாந்தியன் என்று எழுதியிருந்தார்கள். திட்டத்தில் அது கடைசி வரி, நேரம் மிஞ்சினால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரும் இடம். மழைநாளில் ரோமிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்தில் மூடப்படாத வட்டத் திறப்பு. மழை அதன் வழியே கட்டிடத்தின் நடுவில் ஒரு தூணாக இறங்கும். நடுத்தரையைக் கயிறு கட்டி விட்டுவிடுவார்கள். தரை மிக லேசாகக் குவிந்திருக்கும், அதில் சின்னச் சின்னத் துளைகள். விழுந்த தண்ணீர் அவை வழியே கீழே வடிந்துவிடும். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கட்டிடம், கி.பி. 609 முதல் தேவாலயம், இன்றும் அதே ஏற்பாடு.

பாந்தியனுக்குள் மழையே விழாது, உள்ளேயிருந்து எழும் சூடான காற்று துளிகளைக் கரைத்துவிடும் என்று ஒரு கதை ரோமில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானே அதை வெயில்நாட்களில் இரண்டு மூன்று குழுவுக்குச் சொல்லியிருக்கிறேன். வெயில்நாளில் யாரும் சரிபார்க்க முடியாதே!

6.50-க்குப் பேருந்து கிளம்பி 7.40-க்கு ஹோட்டல். ஓட்டுநருக்குப் பத்து நிமிடம் மிச்சம். கைடு அந்த 34 பேரையும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கூட இருந்திருந்தால் திரேவியில் இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருப்பேன், வண்டி மாட்டியிருக்கும்.

பிறகு மாற்றியவை

குளிர்காலக் குழுக்களுக்கு ரோம் வரிசையை மாற்றிவிட்டோம். கொலோசியம் காலை 9 மணிக்கு முன்னால், அதுதான் மூடும் நேரத்தால் கழுத்தை நெரிப்பது. பாந்தியன் ஸ்லாட்டை மாலையின் முதல் வேலையாகப் பிடிக்கிறோம். திரேவி அதற்குப் பிறகு, காலும் வானமும் ஒத்துழைத்தால். வாத்திகன் நாளும் கொலோசியம் நாளும் வேறு வேறு. இதனால் ரோமில் ஒரு இரவு கூடுகிறது, பயணக் கட்டணமும் கூடுகிறது. கம்பெனியில் இதற்கு நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுத வேண்டாம்.

மெட்ரோவில் போயிருக்கலாமே என்று தொழில் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். வாத்திகன் பக்கத்து ஒத்தாவியானோ நிலையத்தில் ஏறி டெர்மினியில் மாறினால் கொலோசியம் வாசலிலேயே இறங்கலாம், நனையவும் வேண்டாம். கணக்கு சரி. ஆனால் 36 பேர், நெரிசலான ஏ லைன், கையில் ஈரக் குடை, கவனம் சிதறிய முகங்கள். பிக்பாக்கெட்காரனுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கதவு மூடும்போது நான்கு பேர் நடைமேடையில் நின்றுவிட்டால் அந்தத் தேடலுக்கே அரைமணி. பன்னிரண்டு பேருக்குக் கீழே என்றால் நானும் மெட்ரோதான்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் முந்தின இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே, எது போகும், எதற்குப் பதில் எது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இரவில் சொன்னால் பயணிகள் அதை மாற்றம் என்கிறார்கள். தெருவில் நனைந்துகொண்டு நிற்கும்போது சொன்னால் ஏமாற்று என்கிறார்கள். இந்தத் தடவை புகார்க் கடிதம் மூன்று வந்தது, மூன்றும் ஃபோரத்துக்கு. திரேவியைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

பேருந்தில் இப்போது இரண்டு கதவும் திறக்கும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு வரிசை வரிசையாக எண்ணுகிறேன். ரெயின்கோட் மூன்று அளவில், முழங்காலுக்குக் கீழே இறங்காமல். கோட் போட்டவருக்குக் குடை கிடையாது, குடை பிடித்தவருக்குக் கோட் கிடையாது. பாலிசி நகல்கள் என் போனில். ஹோட்டல் குடையை யாரும் தொடக் கூடாது என்று கம்பெனி செலவில் 40 மடக்குக் குடை வாங்கவைத்தேன்.

14-ஆம் சீட் அம்மா மறுநாள் கட்டுப் போட்ட கையோடு ஃபிளாரன்ஸுக்கும் வந்தார், பயணம் முடியும்வரை ஒரு இடத்தையும் விடவில்லை. ஹோட்டலுக்கு எட்டுக் குடைகள்தான் திரும்பிப் போயின. ஒன்பதாவது, அவர் கைவிட்டது, திரேவிப் பக்கம் எங்கோ. அதற்கு நான் கையிலிருந்து பணம் கட்டினேன்.

அடுத்த நவம்பரில் வேறொரு குழுவோடு அதே நகரத்தில் நான்கு நாள் இருந்தோம். ஒரு துளி விழவில்லை. 40 குடையும் பெட்டி பிரிக்காமல் பேருந்தின் அடியில் கிடந்து அப்படியே திரும்பி வந்தன.